துப்பச் சொன்ன தண்ணீர்

என் மூக்கின் நடுச்சுவரில் ஒரு ஓட்டை இருக்கிறது. குரோமியம் தின்ற ஓட்டை. இரும்புச் சாமானுக்குப் பளபளப்பு ஏற்றும் பிளேட்டிங் கம்பெனியில், ஆவி பறக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் பதினொரு வருஷம் நின்றேன். முகமூடி கேட்டால் கைக்குட்டையைக் கட்டிக்கொள் என்றார்கள். கட்டிக்கொண்டேன். அவ்வளவு மடையன்.

மண்ணூர்ப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியை முதலாளி ஒரு நாள் பூட்டிவிட்டுப் போனார். தொட்டிகளைப் பழைய இரும்புக்காரன் ஏற்றிக்கொண்டு போனான். கொட்டகை மட்டும் நின்றது. மழை பெய்தால் பின்பக்கம் மஞ்சளாகத் தேங்கும். அதில் தவளை கத்தி நான் கேட்டதில்லை. நாய்கூட நக்காது. காரணம் எனக்குத் தெரியும். தொட்டியின் அடியில் படியும் கசடை வாரிப் பின்பக்கக் குழியில் கொட்டியவர்களில் நானும் ஒருவன். வாரா வாரம் கொட்டி, மேலே செம்மண் போட்டு மிதித்தோம்.

பிறகு நிலம் கைமாறியது. ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு அங்கே ஹாஸ்டல் வரப்போகிறது என்றார்கள். தெற்கே இருந்து வருகிற பிள்ளைகள், பத்தொன்பது இருபது வயசு. கட்டுவதற்கு முன் மண்ணையும் தண்ணீரையும் சோதித்து அறிக்கை வாங்க வேண்டுமாம். எங்கே எது இருந்தது என்று காட்ட ஆள் தேடி நிலத் தரகர் என்னிடம் வந்தார்.

"ஆபீஸ் இருந்த எடம், லாரி நிக்கிற எடம், அத்த மட்டும் காட்டு. பின்னாடி இன்னா இருந்துச்சுன்னு கேட்டா புளியமரம்னு சொல்லு. ஹாஸ்டல் வந்தா வாட்ச்மேன் நீதான்."

சரி என்றேன். பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறவனை வேறு எவன் வேலைக்கு வைப்பான்?

சோதனைக்கு வந்த இன்ஜினியர் இளம்பெண். ஐஸ் பெட்டியில் கண்ணாடி பாட்டில்கள் கொண்டுவந்திருந்தாள். போர் லாரி திருச்செங்கோட்டு வண்டி. அதை ஓட்டி வந்தவர் ஊர் ஊராகத் தண்ணீருக்குப் போர் போடுகிறவர். சோதனைக்கென்று துளை போடுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. அவள் கொடுத்த கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டார். "எல்லாத் தண்ணியும் தண்ணிதானுங்க அம்மிணி" என்று சிரித்தார்.

முன்பக்கத்தை மட்டும் காட்டினேன். அவள் பின்பக்கத்தையே பார்த்தாள்.

"அங்க ஏன் புல்லே முளைக்கல?"

"நெழலும்மா. புளியமரம் இருந்துச்சு."

"அங்கயும் ஒண்ணு போடலாம்."

லாரி பின்பக்கம் போனது. முதலில் புழுதி, அப்புறம் சேறு, அப்புறம் தெளிந்த தண்ணீர். அவள் குனிந்து பாட்டிலில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். போர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் தெளிந்ததும் ஒரு கை அள்ளி வாயில் ஊற்றி, உப்பா நல்ல தண்ணியா என்று நிலத்துக்காரருக்குச் சொல்வார்கள். அவர் கை தானாகவே அள்ளியது.

"துப்புடா! டேய், துப்புடா!" என்று கத்தினேன்.

அவர் விழுங்கிவிட்டு உதட்டைத் துடைத்தார். "ஏனுங்க இப்படிக் கத்தறீங்க? எளநியாட்டம் இருக்குதுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

அவளைப் போனில் டார்ச் போடச் சொல்லி, தலையை அண்ணாந்து மூக்கைக் காட்டினேன். பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு குச்சியால் குழியின் நாலு பக்கமும் கோடு கிழித்தேன்.

"மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

"செம்பரம்பாக்கம் பக்கம். மெட்ராஸ்காரங்க குடிக்கிற ஏரி."

லாரிக்குப் பின்னால் போர்க்காரர் தொண்டையில் விரல் விட்டு ஓங்கரித்துக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் பயம்.

அவள் உள்ளதை எழுதினாள் என்றுதான் நம்புகிறேன். ஏனென்றால் அடுத்த மாதம் மறுபடி சோதிக்க வேறொரு கூட்டம் வந்தது. அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. முன்பக்கம் மட்டும் துளை போட்டு, பாட்டிலை நிரப்பிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விட்டார்கள். பின்பக்கம் செம்மண் கொட்டி ரோலர் ஓட்டினார்கள். நாங்கள் காலால் செய்த வேலையை மிஷின் செய்தது.

மனு எழுதி ஒரு ஆபீசுக்கு எடுத்துப் போனேன். "உங்கிட்ட இன்னா ஆதாரம் கீது?" என்றான் அங்கே இருந்தவன். மூக்கைக் காட்டினேன். "அத்த டாக்டராண்ட காட்டு" என்று பக்கத்து மேஜைக்காரனைப் பார்த்துச் சிரித்தான்.

இப்போது ஹாஸ்டல் மூன்று மாடி, ரோஸ் பெயிண்ட். இன்று காலை அங்கே சமைக்கிற பெண் காய்கறிக் கடைக்கு வந்தாள். தண்ணீர் எது என்று கேட்டேன்.

"குடிக்கிறதுக்கு கேன் தண்ணிண்ணா. சோறு, கொழம்புக்கெல்லாம் போர்."

"போர் எங்க போட்டுகிறாங்க?"

"பின்னாடி. சோறு மல்லிப்பூ கணக்கா வருது. வாயில ஊத்திப் பாத்தா எளநிதான்."

"அதுல சமைக்காதம்மா. இங்க பாரு" என்று மூக்கைத் தூக்கினேன்.

"இன்னாண்ணா, காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டியா?" என்று சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிப் போனாள்.

அந்த நேரத்தில் நைட் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ் கடைக்கு எதிரே ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றது. உள்ளே சோறு வெந்திருக்கும். முதலில் இறங்கிய பெண்ணின் முன்னால் போய் நின்று, "பாப்பா, இத்தக் கொஞ்சம் பாரு" என்று அண்ணாந்தேன். அவள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டுக்குள் ஓடினாள். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள்.

கேட்டிலிருந்து வாட்ச்மேன் தடியோடு என்னைப் பார்த்து வந்தான். எனக்குத் தருவதாகச் சொன்ன வேலை.