வெள்ளைக் கட்டையில் மட்டும்

நில அலுவலகத்தில் காலமெல்லாம் அடுத்தவர் கோப்பில் குற்றம் கண்டுபிடித்து ஓய்வு பெற்ற தயானந்தன், பாலோ ஊர்க் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து கீபோர்டு கற்றுக்கொண்டார். டீச்சர் தேன்மொழிக்கு அவர் மகள் வயது. பாராட்டுவதில் கஞ்சத்தனமே தெரியாதவள்.

"சூப்பர் அங்கிள்! கறுப்புக் கட்டையெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு லா!"

கறுப்புக் கட்டைகளை அவர் தொட்டதே இல்லை. சுருதி மாற்றும் பட்டனை அழுத்தினால், தெரிந்த நாலு பஜனைப் பாட்டையும் வெள்ளைக் கட்டைகளிலேயே யார் குரலுக்கும் வாசித்துவிடலாம். டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பும்போது அவர் பட்டன் பக்கம் திரும்புவார். அவர் பொய் சொன்னதில்லை. பாராட்டை மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பஜனையில் முதன்முறையாக வாசிக்க உட்கார்ந்தார். பதற்றத்தில் பட்டனை ஒருதரம் கூடுதலாக அழுத்திவிட்டார். சுருதிப்பெட்டி ஒரு பக்கம் இழுக்க, கீபோர்டு மறுபக்கம் இழுக்க, நடுவில் பாடகி யோகேஸ்வரி திணறி நிறுத்தினார்.

"அலமாக்! இதான் கத்துக்கொடுத்த லட்சணமா?" கோயில் செயலாளர் கமலநாதன் தேன்மொழியைப் பார்த்தார். "இனிமே மண்டபத்துல கிளாஸ் வேணுமான்னு யோசிக்கணும் டீச்சர்."

தேன்மொழி வந்து கீபோர்டின் சின்னத் திரையைப் பார்த்தாள். சுருதி மாற்றியிருந்தது அதில் தெரிந்தது. பிறகு, "சாரி சார். நான்தான் தப்பா வச்சிட்டேன். அங்கிள் மேல தப்பில்ல" என்றாள்.

தயானந்தனுக்குக் காது சுட்டது. "அழுத்துனது நான்தான். எனக்குக் கறுப்புக் கட்டை வாசிக்கவே தெரியாது."

"பாத்தீங்களா, டீச்சரக் காப்பாத்துறாரு! பெரிய மனசுங்க அவருக்கு" என்று யோகேஸ்வரி உருகினார். நாலு பேர் தலையாட்டினார்கள். திருட்டுத்தனமாகப் பெற்ற பாராட்டெல்லாம் இனித்தது. உண்மையைச் சொல்லிப் பெற்ற இது உடம்பைக் கூசவைத்தது.

வேறு வழியில்லை. பட்டனை அழுத்திச் சுருதி மாற்றத்தை அடியோடு நீக்கினார்; இனிக் கறுப்புக் கட்டைகளைத் தொடாமல் வாசிக்க முடியாது. "உங்க சுருதியில பாடுங்கம்மா."

யோகேஸ்வரி பாடினார். தயானந்தனின் விரல்கள் கறுப்புக் கட்டைகளில் வழுக்கி விழுந்தன. முதலில் வாசித்ததே தேவலை என்றாகிவிட்டது. கூடப் படிக்கும் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"போதும் சார், நம்புறோம்" என்று கமலநாதன் கும்பிட்டார். தேன்மொழியிடம் மெதுவாக, "கிளாஸ் வழக்கம்போல நடக்கட்டும் டீச்சர்" என்றார்.

தயானந்தன் குனிந்த தலை நிமிராமல் ஒயரைச் சுற்றினார். பக்கத்தில் தேன்மொழி வந்து நின்றாள்.

"செவ்வாக்கெழம கிளாஸுக்கு வருவீங்கல்ல, அங்கிள்?"

"இன்னும் என்னை நம்புறீங்களா டீச்சர்?"

"நம்பல. அதான் இனிமே உங்க பக்கத்துலயே உக்காரப் போறேன்."

வருவதாகத் தலையசைத்தார். அவள் முகத்தைப் பார்க்க மட்டும் அவரால் முடியவில்லை.