மொட்டைத் தண்டுக்கு ஒட்டிய இலைகள்

அருங்காட்சியகத்துக்குப் பொம்மை செய்து கொடுப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பொம்மைக்காரர். மீன் செய்வார், பழம் செய்வார். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இலைதான். மெழுகில் தோய்த்த துணியை வெட்டி அவர் நரம்பு கீறி வைத்தால், வந்தவர்கள் கிள்ளிப் பார்க்காமல் நகரமாட்டார்கள். "விட்டா துணி காயப்போடுற கம்பத்துக்கும் இலை வைப்பாரு இந்த மனுஷன்" என்பாள் மனைவி. அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிற ஆள் அவர்.

அப்படிப்பட்டவரிடம்தானா அந்த ஆய்வாளர் அம்மா வந்து மாட்ட வேண்டும்? நிலத்தில் முதன்முதலாக முளைத்த செடிகளைக் கல்லுக்குள் தேடுவது அவர் வேலை. கல்லை மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து ஒரு செடியைக் கண்டுபிடித்திருந்தார். அதை ஒரு முழ உயரத்துக்குப் பெரிதாக்கிச் செய்ய வேண்டும்.

"இலை கிடையாதுண்ணே. வேரும் கிடையாது. தண்டு ரெண்டு ரெண்டாப் பிரியும். நுனியில தூள் மாதிரி வித்து இருக்குற சின்னப் பை. அவ்வளவுதான்."

"இலை இல்லாம அது எப்படிம்மா பொழைச்சுது?"

"தண்டே பச்சையா இருந்து இலை வேலையும் பாத்துக்கிச்சு. இலையெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது." பிறகு அவர் குரல் தணிந்தது. "எங்க அப்பாவுக்குப் பார்வை போயிடுச்சு. சாப்பிடும்போதெல்லாம் இந்தச் செடியப் பத்தித்தான் கேப்பாரு. ஒரு தடவையாவது தொட்டுப் பாக்கணும்னு ஆசைப்படுறாரு. வழவழன்னு செஞ்சு குடுங்க."

சொன்னபடியே செய்து கொடுத்தார். தடவிப் பார்த்த ஆய்வாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம்.

திறப்பு விழாவுக்கு முந்தின மாலை, கூடத்தில் அவர் செய்த பெரணிச் செடி இலை இலையாகத் தழைத்து நின்றது. பக்கத்தில் இந்த மொட்டைக் குச்சி. இதைச் செய்ய இவர் எதற்கு என்று நாலு பேர் கேட்கமாட்டார்களா? கை சும்மா இருக்கவில்லை. பொடிப்பொடியாக இலை வெட்டித் தண்டு நெடுக ஒட்டிவிட்டார். சின்ன இலைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

மறுநாள் ஆய்வாளர் தன் அப்பாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவருடைய விரல்களைப் பிடித்துத் தண்டின் மேல் வைத்தார்.

"ஏம்மா, இலை இருக்கே?"

திரும்பிப் பார்த்த மகளுக்கு முகம் வெளிறிப்போனது. பொம்மைக்காரரை ஒரு பார்வை பார்த்தார்.

பெரியவர் கையை எடுத்துக்கொண்டு சங்கடமாகச் சிரித்தார். "இலையே கிடையாதுன்னு நீ சொன்ன மாதிரி ஞாபகம். வயசாச்சுல்ல, எனக்குத்தான் எல்லாம் குழம்புது. தப்பா நினைச்சுக்காதம்மா."

பின்னால் யாரோ, "இலையப் பாரேன், என்னமா செஞ்சிருக்காரு" என்றார்கள். இத்தனை காலமாகப் பொம்மைக்காரர் கேட்க ஏங்கிய பேச்சு. இன்று அவர் உடம்பு கூசியது. செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் குழம்பலைங்க ஐயா. அம்மா சொன்னதுதான் சரி. இலைய ஒட்டுனது நான். என் பேருக்காக ஒட்டுனேன்."

அத்தனை பேர் முன்னாலும் இலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆய்வாளர் தடுக்கவும் இல்லை, ஒத்தாசைக்கு வரவும் இல்லை.

"இப்பப் பாருங்க ஐயா."

பெரியவரின் விரல்கள் மெல்ல ஏறின. தண்டு பிரியும் இடத்தில் நின்று, இரண்டு கிளையையும் தடவி, நுனியைத் தொட்டன.

"இதுதான் அந்தப் பையா?"

"ஆமாப்பா" என்றார் மகள்.

கீழே இறங்கும்போது விரல்கள் தயங்கின. "வழவழன்னு இருக்கும்னு சொன்னியேம்மா. இது என்ன, அங்கங்க மேடு தட்டுது?"

காய்ந்துபோன பசை. மகள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பொம்மைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுவும் நான்தாங்க."