ஆறக் கூடாது என்று நான் காத்த புண்

சித்திரை வெயிலில், உச்சிப்பொழுதில், வெறுங்காலுடன் கிரிவலம் வந்தபோது எனக்குத் தார்ச்சாலை சுடவில்லை. முன்னால் போனவர்கள் நிழலைத் தேடித் தேடிக் குதித்தார்கள். நான் மட்டும் நடுச்சாலையில் கலெக்டர் போல நடந்தேன். அண்ணாமலையார் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்றே நம்பினேன். நாற்பத்திரண்டு வயது; பட்டாளத்திலிருந்து வந்து ஆறே மாதம்; அதற்குள் சித்தர். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதி முட்டாள்தனங்களைச் சொல்வது எளிது.

அடி அண்ணாமலை கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். என் மனைவி மல்லிகா குனிந்து உள்ளங்காலைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, பொரிச்ச அப்பளம் மாதிரி பொங்கி நிக்குது! வலிக்கலியா?"

"வலிக்காது. அருள்."

"அருளாவது மண்ணாவது. எழுந்திருங்க, ஆட்டோவ கூப்புடறேன்."

திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் என்னைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். ஊசி முனையால் தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டுமாம். கண்ணை மூடிக் காத்திருந்தேன். வெகுநேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை.

"ஆரம்பிக்கலாமே, டாக்டர்."

"முடிஞ்சிடுச்சுங்க," என்றார்.

அன்றுதான் 'பெரிஃபெரல் நியூரோபதி' (கை கால்களின் கடைசி நரம்புகள் பழுதாகி உணர்ச்சி போவது) என்ற பெயரைக் கேள்விப்பட்டேன். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள்; இல்லை. பட்டாளத்தில் பனிமலையில் காவலிருந்தபோது கால்விரல்கள் கறுத்து மருத்துவமனையில் கிடந்ததைச் சொன்னேன். உறைபனிக் காயம் (கடுங்குளிரில் சதையும் நரம்பும் சாவது) அப்போதே நரம்பைக் கெடுத்திருக்கலாம் என்றார் மருத்துவர். "ஆனா அதனாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாதுங்க," என்றும் சேர்த்துக்கொண்டார். தினமும் கட்டு மாற்ற வேண்டும். அவர்கள் கொடுத்த மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. அதை மட்டும் அடித்துச் சொன்னார்.

அதே வாரம் கடிதமும் வந்தது. ஓய்வு பெறும்போதே கால்விரல்கள் அவ்வப்போது மரத்துப்போவதாகச் சொல்லி, ஊன ஓய்வூதியம் (பணியில் வந்த உடல் குறைக்குத் தரும் ஓய்வூதியம்) கேட்டிருந்தேன். அதையும் அருளையும் சேர்த்துப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. இந்த நோய் படைப்பணியால் வந்ததுமல்ல, படைப்பணியால் கூடியதுமல்ல என்று மருத்துவ வாரியம் நிராகரித்திருந்தது.

"அவங்களால வரலன்னா, எங்க அம்மா வூட்டு சோத்தால வந்துச்சாமா?" என்றாள் மல்லிகா.

எனக்கும் குழம்பிவிட்டது. காலையில் பனிதான் காரணம் என்பேன். மத்தியானம் அப்பா வழி ரத்தத்தைச் சந்தேகிப்பேன். சாயங்காலம் போன பிறவியில் யாரையாவது எட்டி உதைத்திருப்பேனோ என்று தோன்றும். கால் என்னுடையது, அதற்கு என்ன ஆனது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்தில் காதர் பாய் என்ற எழுத்தர் இருந்தார். அவரும் பட்டாளத்துக்காரர். மேல்முறையீட்டை அவரே எழுதித் தந்தார்.

"சென்னைக்குக் கூப்புடுவாங்க ஹவில்தார். இன்னொரு வாரியம் பாக்கும். பனிமலையில கெடந்தீங்களே, அந்தப் பழைய ஆஸ்பத்திரி சீட்டு இருந்தா தேடி எடுத்துட்டு வாங்க."

இதில் 'வாரியம் பாக்கும்' என்பது மட்டுமே என் காதில் தங்கியது. புண் ஆறிவிட்டால் எதைக் காட்டுவது? குறை கம்மி என்று எழுதி அனுப்பிவிட்டால்? இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் பட்டாளத்தில் பூட்ஸைப் பளபளவென்று தேய்த்துத் தயாராக வைப்போம். பதினெட்டு வருடப் பழக்கம். இப்போது புண்ணைத் தயாராக வைத்தேன். மல்லிகா கட்டிவிடும் கட்டைத் தெருமுனையில் அவிழ்த்துவிடுவேன். செருப்பைப் பைக்குள் போட்டுக்கொள்வேன். வலித்திருந்தால் விட்டிருப்பேன். வலிக்கவில்லையே.

சில மாதங்கள் இப்படிப் போயின. ஒருநாள் வீட்டில் எலி செத்த நாற்றம் அடித்தது. பீரோவை நகர்த்தினோம், அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்தோம். எலி ஒளியும் இடங்களைப் பற்றி நான் பெரிய சொற்பொழிவே நடத்திக்கொண்டிருந்தேன். மல்லிகா பேச்சை நிறுத்தி என் காலையே பார்த்தாள். அந்த எலி நான்தான்.

மறுபடி அதே மருத்துவர். 'ஆஸ்டியோமைலைடிஸ்' (எலும்புக்குள் சீழ் வைப்பது) என்றார். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தாக வேண்டும்.

"செருப்பு குடுத்தோமே, போடலியா?"

"இருக்குதுங்க."

"எங்க?"

"பையில."

மல்லிகா எதிரில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. திட்டுவாள் என்று பார்த்தேன். என் பையைத் திறந்து செருப்பை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, "வாரியத்துக்குக் காட்டத்தான் கால் வச்சினு இருந்தீங்களா? நடக்கறதுக்கு இல்லியா?" என்று கேட்டாள்.

நான் படுக்கையில் கிடந்தபோது, மாற்று லுங்கி எடுக்க அவள் என் இரும்புப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். அடியில் கம்பளிக் காலுறை. அதற்குள் நான்காக மடித்த ஒரு சீட்டு. பனிமலையில் என்னைச் சேர்த்திருந்த ராணுவ மருத்துவமனையின் சீட்டு. "காதர் பாய் கேட்டது இதானே?" என்று அவளே பேருந்து நிலையம் தாண்டிப் போய் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

சென்னையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போனதும் குனிந்து கட்டை அவிழ்க்க ஆரம்பித்தேன். "இருக்கட்டும்," என்று நடுவில் இருந்தவர் கையமர்த்தினார். சீட்டைப் படித்தார். எந்த உயரத்தில் இருந்தேன், எத்தனை நாள் இருந்தேன் என்று கேட்டார். வெளியே வந்தபோது, மல்லிகா வாங்கிய டீ இன்னும் சூடாகவே இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் என் போன்ற கால் உள்ளவர்கள் இருப்பீர்கள். வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல. செய்தியே வரவில்லை என்றுதான் அர்த்தம். நான் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். செருப்புக்குள் கையை விட்டுக் கல் இருக்கிறதா என்று தடவுகிறேன். பழைய காவல் வேலைதான், எல்லை மட்டும் சுருங்கிவிட்டது. முன்பெல்லாம் மாதங்களை எண்ணிக் காத்திருந்தேன். இப்போது என் காலம் ஒரு கண்ணாடியிலிருந்து அடுத்த கண்ணாடி வரைக்கும்தான். நோய் எதனால் வந்தது என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வாரியம் அனுப்பிய ஆணை ஒரு காரணம் சொல்கிறது, அதை நம்பிக்கொள்கிறேன்.

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. பழைய உறைபனிக் காயத்தையும் அந்தச் சீட்டையும் காரணமாக எழுதியிருந்தார்கள். புண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. என் இடது காலில் மூன்று விரல்கள் இருக்கின்றன.