தாரை வார்த்துக் கொடுத்த பெண்கள்

குரொய்டனில் இருந்த உயர்ந்த குடிவரவு அலுவலகக் கட்டடத்துக்கு நேர்முகத்துக்குப் போன காலையில் இவர் டை கட்டியிருந்தார். இவர் என்றால் என்னுடைய மனுசன். பிரித்தானியக் குடியுரிமைக்கு நாங்கள் இருவரும் ஒன்றாக விண்ணப்பித்திருந்தோம். கூப்பிட்டதும் இருவரையும் ஒன்றாகத்தான். நோர்பரியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம். வழிநெடுக இவர் டையைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக வந்தார்.

"உது உங்களை நெரிச்சுப்போடும். கழட்டி வையுங்கோவன்" என்றேன்.

"கழட்டினால் திரும்பக் கட்ட எனக்கு ஏலாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன்தான் காலமை கட்டிவிட்டவன்" என்றார்.

சிரிப்பு வந்தது. ஆனால் பயமும் இருந்தது. பயத்துக்குக் காரணம் எங்கள் பயணங்கள்.

எண்பதுகளின் நடுவில் அகதிகளாக வந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு அகதி வழக்குச் சரிவந்து நீல அட்டைப் பயணப் பத்திரம் கிடைத்தபோது, ஐரோப்பா முழுக்க எங்கள் ஆட்களில் பலருக்கு வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் இருந்த நாட்டை விட்டு அசைய முடியாது. ஊரிலிருந்து தாய் தகப்பனைக் கூப்பிடவும் முடியாது. ஆனால் கலியாணங்கள் நிற்குமா? பெடியன் ஜேர்மனியில் இருப்பான், பெட்டை எத்தனையோ நாடு சுற்றி எப்படியோ வந்து சேர்ந்திருப்பாள். மண்டபம் எடுத்தாயிற்று, ஐயரும் சரி. பெண்ணின் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்க ஒரு புருசன் பெண்சாதி வேண்டும். ரெலிபோன் எங்கள் வீட்டுக்கு வரும்.

முதல் அழைப்பு இவருடைய ஒன்றுவிட்ட அண்ணையின் மகளுக்காக வந்தது. இவர் ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊரில் ஒரு நல்ல காரியத்துக்குப் போனால், ஆராத்தி எடுக்க ஆள் தேடுகிறவர்கள் என்னைத் தாண்டி அடுத்தவளைப் பார்ப்பார்கள். யாரும் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு சொல் திருப்பிக் கொடுத்திருப்பேன். அதற்கு வழியில்லாமல், பலகாரத் தட்டு அடுக்குகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன். அப்படிப்பட்ட என்னையா மணவறையில் தாயின் இடத்தில் இருக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

"அவைக்குத் தெரியுந்தானே?" என்று கேட்டேன்.

"தெரியும். வரச் சொல்லித்தான் கேக்கினம்" என்றார்.

விக்டோரியாவில் கோச் ஏறி, டோவரில் கப்பல் மாறி, சீலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு போனோம். ஜேர்மனியில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மண்டபம். வாழைமரம் கிடையாது, பச்சைக் காகிதத்தில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஓமத்தில் புகை எழுந்ததும் கூரையில் இருந்த புகை அபாய மணி அலறத் தொடங்கியது. ஒரு பெடியன் மேசை மேல் ஏறி நின்று தட்டால் விசிறிக்கொண்டிருந்தான். அந்த அமளிக்குள்தான் ஐயர் சொல்லிக்கொடுக்க, இவர் "என் மகளை உமக்குத் தருகிறேன்" என்றார். நான் தண்ணீர் வார்த்தேன். பெண்ணின் கை இவருடைய கைக்குள் இருந்தது. அவளை நான் பார்த்ததே முதல் நாள்தான். எனக்கு அப்படி ஒரு அழுகை வந்தது. பெண்ணே திரும்பி என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எங்களைக் கேட்காமல் நாளே வைக்கவில்லை. நான் பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்தேன். விடுமுறை விட்டால்தான் எனக்கு லீவு. இலண்டன் பள்ளிக்கூடம் எப்போது மூடும் என்று கேட்டுவிட்டு, அதற்குள் முகூர்த்தம் பார்க்கச் சொல்லி ஊரில் சாத்திரியாருக்குச் சொல்லி அனுப்புவார்கள். நல்லூர்ப் பக்கம் இருந்த அந்த மனுசன் இங்கிலாந்துப் பள்ளிகளின் அரைத்தவணை விடுமுறையை அனுசரித்துக் கிரகங்களை நகர்த்தியதை இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான். சூரிச், ஒஸ்லோ, பாரிஸ் என்று ஓடினோம். சொந்தக்காரப் பெண்கள் முடிந்து, தெரிந்தவர்களின் பெண்கள் வந்தார்கள். பிறகு தெரியாதவர்களின் பெண்களும் வந்தார்கள். எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரே குங்குமக் கலர்ப் பட்டுச்சீலைதான். அந்த வருடங்களைப் போல நான் சந்தோசமாக இருந்த காலம் வேறில்லை.

ஒரு கலியாணம் தவறிப்போனது. டென்மார்க்கில். எங்கள் நீலப் பத்திரத்துக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் விசா எடுக்கவேண்டும். தூதரக வாசலில் குளிரில் வரிசையில் நின்றும் அந்த முறை நேரத்துக்கு விசா வரவில்லை. மண்டபத்துக்கு வந்திருந்த யாரோ ஒரு தம்பதியைப் பிடித்து இருத்தினார்களாம். "எங்களுக்கு அவையின்ர பேரும் தெரியாது அன்ரி" என்று அந்தப் பெண் ரெலிபோனில் சொல்லி அழுதாள். அன்றைக்கே நான் முடிவெடுத்தேன். "இஞ்சேருங்கோ, இந்தப் பத்திரத்தோட இனி ஏலாது. சிற்றிசன்சிப்புக்குப் போடுவம்" என்றேன்.

விண்ணப்பப் பாரம் நிரப்பியது நான்தான். வெளிநாடு போன ஒவ்வொரு முறையும் எங்கே, எதற்கு என்று எழுதவேண்டும். காரணம் கேட்ட இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு யோசித்தேன். இவர் பக்கத்தில் இருந்து பாணைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, "நெருப்புக்கு முன்னால என்ன சொன்னமோ அதைத்தானே எழுதவேணும்" என்றார். எனக்கும் அது சரியாகப்பட்டது. ஒவ்வொரு வரியிலும் மகளின் திருமணம் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன். முதல் பக்கத்தில் பிள்ளைகள் இல்லை என்று ஏற்கெனவே எழுதியிருந்ததை இருவருமே யோசிக்கவில்லை.

நேர்முகத்துக்கு முதல் கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில், இப்படிப் பாரங்களில் பழக்கமுள்ள ஒரு பெரியவரிடம் பிரதியைக் காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்தார்.

"பிள்ளையள் இல்லையெண்டும் எழுதியிருக்கிறியள், இத்தனை மகள்மாரையும் கட்டிக்குடுத்திருக்கிறியள். பொய் சொன்னதெண்டு அவங்கள் எடுத்தால் ஒரேயடியா மறுத்துப்போடுவாங்கள். அவங்கள் கேக்க முந்தி நீங்களே திருத்திப்போடுங்கோ."

அதனால்தான் அந்தப் பயம்.

எங்களை விசாரித்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். பச்சை நிறக் கம்பளிச் சட்டை, பக்கத்தில் ஆறிப்போன தேநீர். மரியாதையாகத்தான் கதைத்தார். வேலை, வீடு எல்லாம் கேட்டு முடித்துவிட்டுப் பயணப் பக்கத்துக்கு வந்தார்.

"நீங்கள் நிறையப் பயணம் செய்திருக்கிறீர்கள்."

"ஓம்" என்றார் இவர், தமிழிலேயே.

"எல்லாமே மகள்களின் திருமணங்கள். ஆனால் உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை."

திருத்தச் சொன்னதை நான் சொல்ல வாயெடுக்க முன்னமே இவர் பையைத் திறந்து கலியாண அல்பங்களை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறார். அந்தப் பெண்மணி ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் என் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனேன். தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்கள், சண்டைக்குள் இருக்கிறார்கள், வர முடியாது. அவர்களுடைய இடத்தில் யாராவது இருந்து பெண்ணைக் கொடுக்கவேண்டும். கொடுக்கிற நேரத்தில் அவள் எங்கள் மகள்.

"எல்லாப் படத்திலும் நீங்கள் அழுகிறீர்கள்" என்றார் அவர்.

அதற்கு நான் என்ன சொல்வது? ஆராத்தித் தட்டு என்னைத் தாண்டிப் போன கதையை இவளுக்கு எப்படிச் சொல்வது? "எங்கட வழக்கம்" என்று மட்டும் சொன்னேன்.

கடைசி அல்பத்தில் விரலை வைத்தார். பாரிஸ் பெண். விண்ணப்பம் போடுவதற்குக் கொஞ்சம் முந்தித்தான் அந்தக் கலியாணம் நடந்தது. வாயே திறக்காத பிள்ளை. மணவறையில் தலை நிமிரவில்லை. நாங்கள் புறப்படுகிறபோது "போட்டு வாங்கோ" என்றதுதான் அவள் என்னிடம் பேசிய முழு வசனம்.

"இந்தப் பெண் உங்களை என்னவென்று கூப்பிடுவாள்?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அல்பத்தில் குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்தேன்.

"அன்ரி" என்றேன்.

ஆங்கிலச் சொல்தானே, அவருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மெல்லத் தலையாட்டினார். "நீங்கள் ஏமாற்ற எழுதவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் மகள் என்று இதில் இருக்கக்கூடாது. நீங்களே வெட்டி, தெரிந்தவர்களின் திருமணம் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து வையுங்கள்" என்றார்.

இவர் பேனையைத் தொடவில்லை. வாழ்க்கையில் எதற்கும் மறுத்துக் கதைக்காத மனுசன், டைக்கு மேலே முகம் சிவந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "இவருக்கு இப்பதான் ரோசம் வந்திருக்கு" என்று எனக்குள் எரிச்சல் வந்தது. டென்மார்க்கில் அழுத பெண்ணை நினைத்தேன். நான் இப்போது வெட்டாவிட்டால் நாளைக்கு இன்னொருத்தி அழுவாள். பேனையை எடுத்து முதல் வரியில் மகள் என்பதை வெட்டினேன். பிறகு அடுத்த வரி. எனக்கு அந்த அறையே பிடிக்கவில்லை, அந்தப் பெண்மணியின் பச்சைச் சட்டையும் பிடிக்கவில்லை. அவர்மேல் ஒரு பிழையும் இல்லை என்பது இன்னும் கோபத்தைத் தந்தது. கடைசி வரியையும் வெட்டி எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு இவர் பக்கம் தள்ளினேன். என்னுடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் டையைத் தலைவழியே உருவி எறிந்துவிட்டு, "நீர் செய்தது சரிதான்" என்றார். "எனக்குத் தெரியும்" என்றேன். தெரிந்திருந்தும் அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

குடியுரிமை கிடைத்தது. ஒரு சட்டத்தரணியின் முன்னால் சத்தியம் செய்தோம், புதுப் பாஸ்போட்டுகள் வந்தன. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் மற்றவர்களுக்கும் வழக்குகள் சரிவரத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு ஊரிலும் ஒரு சித்தப்பா, ஒரு மாமி என்று வந்து சேர்ந்துவிட்டார்கள். எங்கள் ரெலிபோன் கலியாணத்துக்கு அடிப்பது நின்றுபோனது. குங்குமக் கலர்ச் சீலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். வேலை முடிந்த ஆட்களைப் பிறகு யார் தேடுவார்கள் என்று இவரிடம் சொல்லிச் சொல்லியே அவரையும் சோர்வாக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாரிஸிலிருந்து அழைப்பு வந்தது. அந்த வாய் திறக்காத பெண்ணின் புருசன்.

"அன்ரி, அவவுக்குப் பிள்ளை பிறக்க மாதம் ஆகுது. அம்மாவுக்கு விசா குடுக்கமாட்டம் எண்டிட்டாங்கள். உங்களைக் கேக்கச் சொல்லி நிக்கிறா. நான் கேக்கட்டோ எண்டு தெரியேல்லை."

தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய் போய் நிற்பதுதான் எங்கள் முறை. பத்தியக் கறி வைத்து, தாயையும் பிள்ளையையும் குளிக்க வார்த்து, முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை நிற்கவேண்டும். பிள்ளை பெறாத ஒருத்தியை அந்த வாசலுக்கே ஊரில் கூப்பிடமாட்டார்கள். எனக்குப் பிள்ளை தூக்கத் தெரியுமோ என்றுகூட அவள் கேட்கவில்லையா என்று நினைத்தேன். ரெலிபோனில் "வாறன்" என்று மட்டும் சொன்னேன். தோர்ண்டன் ஹீத்தில் இருந்த தமிழ்க் கடைக்குப் போய், பத்தியக் கறிக்குப் போடுகிற சரக்குத் தூளுக்கு வேண்டியதெல்லாம் வாங்கி, பிள்ளைகள் பெற்ற ஒரு சிநேகிதியிடம் பக்குவம் கேட்டு, வறுத்து இடித்துக் கட்டினேன்.

நான் போய்ச் சேர முன்னமே பிள்ளை பிறந்துவிட்டது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் ஒரு நேர்ஸ் கையைக் குறுக்கே நீட்டி, பிரெஞ்சில் என்னவோ கேட்டாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கையில் பாஸ்போட்டை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன், அதைத்தான் கேட்கிறாளோ என்று. உள்ளே கட்டிலில் இருந்து அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, பிரெஞ்சிலேயே சின்னதாக ஒரு பதில் சொன்னாள். நேர்ஸ் உடனே கையை எடுத்துவிட்டு, ஒரு கதிரையைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"என்ன பிள்ளை கேட்டவ?" என்றேன்.

"சொந்த ஆக்களைத்தான் இப்ப விடுவினமாம். நீங்கள் எனக்கு ஆர் எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனீ?"

பிள்ளையைத் துணியோடு தூக்கி என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தவள், இதையும் கேட்கவேணுமோ என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"அம்மா எண்டுதான். வேற என்னத்தைச் சொல்லுறது? தலையைத் தாங்கிப் பிடியுங்கோ."