"ஸ்டெப் டவுன் பண்ணணும், சேச்சி"

தேர்தல் செய்தி எழுதுகிறவனுக்குக் கால் வலிக்கும் முன்பே காது வலித்துவிடும்; திருவனந்தபுரத்தில் ஒரு முறையாவது வேட்பாளர் பின்னால் நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ரீச் அவுட்

மாநகராட்சித் தேர்தல். தம்பானூரில் ஒரு லாட்ஜ் அறைதான் ஒரு கட்சியின் வார்டு அலுவலகம். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் சில வீடுகளுக்கு நேராக 'ரீச் அவுட்', சிலவற்றுக்கு 'வின் ஓவர்' என்று குறித்திருந்தார்கள். என்ன வித்தியாசம் என்று பொறுப்பாளர் பிரகாஷிடம் கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: "வின் ஓவர் வீட்ல சாயா தரும், சாரே. ரீச் அவுட் வீட்ல நாயை அவிழ்த்து விடும்."

ஸ்டெப் டவுன்

அதே வார்டில் டீக்கடை வைத்திருக்கும் செல்வி தென்காசிப் பக்கத்துக்காரர். மழை பெய்தால் அவர் தெருவில் சாக்கடை வீட்டுக்குள் வரும். மனு கொடுத்து அலுத்துப்போய், சுயேச்சையாக நின்றார். தமிழர் ஓட்டு பிரிந்துவிடும் என்று பிரகாஷ் கடைக்கே வந்துவிட்டார். நானும் இருந்தேன்.

"ஸ்டெப் டவுன் பண்ணணும், சேச்சி. கட்சி ஸ்டாண்ட் பை பண்ணும்."

வாய் கூசும் சங்கதிகளுக்கு மட்டும் இவர்கள் ஏன் ஆங்கிலத்தைத் தேடுகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆராய்ச்சி. செல்வி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "'நீ விலகிக்கோ, ஒன் வீட்டுக்குள்ள சாக்கடை வந்தா வரட்டும்'னு தமிழ்லயே சொல்லுங்க, சேட்டா. எனக்கும் புரியும், ஒங்களுக்கும் உறைக்கும்."

பேக் அவுட்

வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள். மூன்று மணி வரை நேரம். இரண்டு மணிக்கே நிருபர்கள் எல்லார் போனுக்கும் பிரகாஷின் தகவல் வந்தது: செல்வி பேக் அவுட் பண்ணிவிட்டார். சிலர் அப்படியே இணையத்தில் போட்டும்விட்டார்கள். தெரு அதை நம்பினால் அவர் கதை முடிந்தது.

தேர்தல் அலுவலகத்துக்கு ஓடினேன். வராந்தாவில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி, சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார் செல்வி. "காலையில இருந்தே இங்கதான் இருக்கேன், சார். மூணு மணி அடிக்கிற வரைக்கும் எல்லாரும் என்னையப் பாத்துக்கிட்டே இருக்கட்டும்."

சார்ட் அவுட்

செல்வி தோற்றார், பிரகாஷின் கட்சியும் தோற்றது. ஜெயித்த கவுன்சிலர் நன்றி சொல்லத் தெருவுக்கு வந்தபோது, சாக்கடையை 'சார்ட் அவுட்' பண்ணுவதாகச் சொன்னாராம். பிறகு என்ன ஆச்சு என்று செல்வியிடம் கேட்டேன். "அப்ப ஒரு கை பிடிங்கன்னு, சாக்கடை மூடியோட ஒரு முனைய அவருகிட்ட குடுத்தேன். மூக்கைப் பொத்திக்கிட்டே போன் போட்டாரு. மறுநாளே அள்ளுறதுக்கு வண்டி வந்துட்டு."

அத்தனை ஆங்கிலத்துக்கும் அசையாத சாக்கடை ஒரு மூடியைத் தூக்கியதும் அசைந்த கதையை முழு நீளத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் அதை ஆறாம் பக்கத்தில் நான்கு வரியாகப் போட்டுவிட்டு, "ஃபாலோ அப் பண்ணுங்க" என்றார்.