கை நனைக்காத அத்தை

போன ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன மூன்று சொற்களில் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

"எனக்கு இலை வேண்டாங்க."

அவ்வளவுதான். மரியாதையாக, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் சொன்ன இடம்? பெண் வீட்டுப் பந்தி!

எடை குறைக்க ஆபரேஷன் செய்துகொண்ட கதையைத்தான் சில வாரங்களாக இந்தப் பத்தியில் உங்களிடம் புலம்பிக்கொண்டிருக்கிறேனே... இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பது ஒரு வாழைக்காய் அளவு. இப்போதைக்கு எல்லாமே திரவம் — வடிகட்டிய சூப், மோர், புரோட்டீன் பவுடர் கரைத்த பால். அதையும் மடக் மடக்கென்று குடிக்கக் கூடாது. மிடறு மிடறாக இறக்க வேண்டும். ஒரு கப் சூப்பை நான் முடிப்பதற்குள் டிவியில் ஒரு சீரியலே முடிந்துவிடுகிறது.

இந்த நிலையில்தான் ஏற்காட்டிலிருந்து அண்ணன் போன் செய்தார். அவர் மகன் பிரபுவுக்கு அதே மலையில், செம்மநத்தம் கிராமத்தில் பெண் அமைந்திருக்கிறது. உறுதி பண்ணப் போகிறோம், அத்தைக்காரி நீ இல்லாமல் எப்படி என்றார்.

பிரபு ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம் அவன் பொறுப்பு. தங்கமான பையன். ஆனால் வருஷக்கணக்கில் பெண் தேடி நாங்கள் ஓய்ந்திருந்தோம். மலையிலா, வேண்டாம் என்பார்கள் சேலத்துக்காரர்கள். எஸ்டேட் வேலையா, வேண்டாம் என்பார்கள் மலைக்காரர்கள். கடைசியில் எல்கேஜி டீச்சராக இருக்கும் கவிதா என்ற பெண், இவன் போட்டோவைப் பார்த்துச் சரி என்றிருக்கிறாள். பையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. காரில் ஏறும்போது என் காதோரம் வந்தான்.

"அத்த, இது மட்டும் எப்படியாச்சும் அமைஞ்சிறணுங்க."

நானும் அண்ணனிடம் ஒன்று சொல்லிவைத்தேன். "அங்க வந்து என் ஆபரேஷன் கதையை எடுத்துராதீங்க." பின்னே? முதல் தடவை பார்க்கிறவர்களிடம், பூசணிக்காயாக இருந்து வயிற்றை வெட்டிக்கொண்டவள் என்றா அறிமுகமாவது? எனக்கென்று ஒரு கெத்து இருக்காதா? அண்ணன் தலையாட்டினார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற மனிதர். அதுதான் வினையாகிவிட்டது.

செம்மநத்தம் போகிற ரோட்டில் எதிரே ஒரு ஜீப் வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் இறங்கினால், வாசல்வரை வந்து வரவேற்றது பலாப்பழ வாசனை. உள்ளே உளுந்து வடை, கொள்ளுப் பருப்புக் கடைசல், சாமைப் பாயசம், தேன் ஊற்றிய பலாச்சுளை... என் வயிற்றுக்குத்தானே ஆபரேஷன், மூக்குக்கு இல்லையே!

கவிதா வந்து வணங்கினாள். பிரபு சிரித்தான். அவளும் சிரித்தாள். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பந்தி போட்டார்கள். பையனுக்கு அத்தை என்பதால் முதல் இலை எனக்கு. அங்கேதான் அந்த மூன்று சொற்கள்.

கையில் வடைத் தட்டோடு பெண்ணின் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலீங்களா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேனுங்க. நீங்க மத்தவங்களக் கவனிங்க."

பார்த்தீர்களா கெத்தை! அதோடு விட்டேனா? எழுந்து போய், காரில் உட்கார்ந்து, என் பிளாஸ்க்கைத் திறந்து, நான் கொண்டுபோன சூப்பை மிடறு மிடறாகக் குடிக்க ஆரம்பித்தேன்.

திரும்பி வந்தால் வீடே கப்சிப். யாரும் சாப்பிடவில்லை. யாரும் பரிமாறவில்லை. சமையலறையிலிருந்து பெண்ணின் அம்மா குரல் மட்டும் வந்தது.

"புடிக்கலீன்னா நேராச் சொல்லிப்போடலாமில்ல? எல வேண்டாம்னு எந்திரிச்சுப் போயி, சொந்தமாக் கொண்டாந்தத கார்ல உக்காந்து குடிச்சா என்ன அர்த்தம்? நம்மூட்டுத் தண்ணி கூட ஆவாதாட்ட இருக்குது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் கை நனைப்பது வெறும் சாப்பாட்டு விஷயம் இல்லை. சம்மதம் இருந்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் இலையில் கை வைப்பார்கள். இல்லையென்றால் ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். நான் அந்தத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. பட்டணவாசத்தில் இதெல்லாம் எங்கே ஞாபகம் இருந்தது?

பிரபுவைப் பார்த்தேன். இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். முகம் செத்துப்போயிருந்தது. அண்ணனைப் பார்த்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியபடி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

கெத்தாவது ஒன்றாவது... கூடத்து நடுவில் போய் நின்றேன்.

"ஏனுங்க, எல்லாரும் கேளுங்க. பொண்ண எனக்கு நொம்பப் புடிச்சிருக்குது. சோறுதான் எறங்காது. குண்டா இருக்கேன்னு ஆபரேசன் பண்ணி வயித்த வெட்டி எடுத்துட்டாங்க. தண்ணியா எதாச்சும் குடிச்சுட்டு இருன்னு டாக்டரு சொல்லிட்டாரு. உங்க வடையப் பாத்து அழுவாச்சி வந்துதான் கார்ல போய் உக்காந்தேன். போதுங்களா?"

முதலில் சிரித்தது கவிதாதான். அப்புறம் பந்தி மொத்தமும் சிரித்தது. அவள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அட சாமி! இதச் சொல்றதுக்கென்னுங்க? உசுரே போயிருச்சு."

ஆனால் கவிதாவின் அப்பா சிரித்து முடித்துவிட்டுத் தாடையைத் தடவினார். எல்லாவற்றையும் முறைப்படி செய்கிற ஆள்.

"அதெல்லாஞ் செரிங்க. ஆனா அத்தைக்காரங்க கை நனையோணுமில்லீங்க? நனையாம எப்படிங்க தட்ட மாத்தறது?"

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். டம்ளரில் குடித்தால் வாய்தானே நனையும்?

கவிதா உள்ளே போனாள். கடைசலுக்காக வேகவைத்த கொள்ளின் தண்ணீர், காரம் சேர்க்கும் முன்பே தனியாக எடுத்து வைத்திருந்ததாம். அதைத் துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆற்றிக் கொண்டுவந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"கையக் குழிச்சு நீட்டுங்கம்மா."

பந்தியில் ரசத்தைக் கையில் வாங்கிக் குடிப்போமே, அதேபோல நீட்டினேன். கொஞ்சம் ஊற்றினாள். குடித்தேன். அவசரப்படாமல் காத்திருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"மெதுவாவே குடிங்க. எங்க கிளாஸ்ல உங்களவிட மெதுவாக் குடிக்கற பசங்க இருக்கறாங்க."

விரல் இடுக்கில் ஒழுகி, மணிக்கட்டுவரை நனைந்துவிட்டது. இந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வரப்போகிறாள் என்ற சந்தோஷத்தில் மறுபடியும் கையை நீட்டினேன். ஆபரேஷனுக்குப் பிறகு இத்தனை நாளும் நான் குடித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குத்தான் சாப்பிட்டேன்.

ஒருவர் வீட்டில் நாம் சாப்பிடுவது பசிக்காகத்தான் என்று யார் சொன்னது? அந்தக் கொள்ளுத் தண்ணீரில் எத்தனை கலோரி என்று என் டயட்டீஷியன் கணக்குப் போட்டுவிடுவார். மற்றதை என்ன செய்வார்?

தட்டு மாற்றினோம். அடுத்த மாதமே கல்யாணம் வைக்கலாம் என்று அண்ணன் பஞ்சாங்கத்தை எடுத்தார். கவிதாவின் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க, இருங்க. ஏனுங்கம்மா, டாக்டரு எப்பங்க உங்களச் சோறு திங்கச் சொல்லியிருக்காரு?"

"ஆவணி ஆயிருமுங்க."

"அப்ப ஆவணில மொத முகூர்த்தம். அத்தைக்காரங்களுக்கு மொத எல. இலீன்னா எனக்கு மனசு ஒப்பாதுங்க."

எல்லாரும் கைதட்டினார்கள், பிரபுவைத் தவிர.

ராகு, கேதுவால் கல்யாணம் தள்ளிப்போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அத்தையின் இரைப்பையால் தள்ளிப்போனது இவனுக்குத்தான். இப்போது தினமும் காலையில் போன் வருகிறது.

"அத்த... டாக்டருகிட்ட இன்னொருக்கா கேட்டுப் பாருங்களே, ஆனியிலயே சோறு திங்க விட மாட்டாரானு!"