ஹர்சுக்பாயின் மத்தியானத் தூக்கம்

ராஜ்கோட்டில் மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் யாரையும் எழுப்பக் கூடாது. கடைக்காரர் தூங்குவார், முதலாளி தூங்குவார், தெரு நாய்கூட ஷட்டர் நிழலில் காலை நீட்டிவிடும். அந்த ஊரிலேயே தூக்கத்துக்குப் பேர் போனவர் ஹர்சுக்பாய் ராய்சுரா. யாக்னிக் ரோட்டுச் சந்து ஒன்றில் கம்ப்யூட்டர் திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு விற்றுக்கொண்டிருந்தவர்.

அவர் கடையில் போய் எடுத்த எடுப்பில் விலை கேட்டால் போச்சு. "என்ன சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன், அதைச் சொல்லுங்க முதல்ல. கையைக் காட்டாமலே வளையல் கேட்டா எப்படி?" என்று சுள்ளென்று விழுவார்.

ஆஜி தொழிற்பேட்டையில் தேவ்ஷிபாயின் டூல் ரூமில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம் அது. பம்ப் பாகங்களை வார்க்கிற டை, அதாவது இரும்பு அச்சு, செய்கிற இடம். அங்கே முதல் பெண் டிசைனர் நான்தான். அதுவரை எல்லாம் டிராயிங் போர்டு, பென்சில். எனக்காகக் கம்ப்யூட்டர் வாங்க முதலாளியே கூட வந்தார். வந்தவர் கண்ணெல்லாம் டிராகன் படம் போட்ட ஒரு பெரிய பெட்டி மேல்.

"இருக்கிறதிலேயே இதுதான் பெருசா இருக்கு. இதையே போடுப்பா."

"டை டிசைன் பண்ணப் போறீங்களா, வீடியோ கேம் ஆடப் போறீங்களா?"

"பெருசுன்னா எல்லாத்தையும் செய்யாதா?"

"கல்யாணக் குதிரை கூடத்தான் பெருசா இருக்கு. கொண்டுபோய் ஏர்ல பூட்டுங்களேன்!"

என்னிடம் திரும்பி, "உங்களை ரொம்பப் படுத்தின மாடல் எது தக்ஷாபென்? அதைப் போடுங்க" என்றார். படிக்கிற காலத்தில் கம்ப்யூட்டரில் நான் வரைந்த ஒரு பம்ப் மாடலைச் சிடியில் கொண்டுபோயிருந்தேன், அதைப் போட்டேன். டிராகன் கார்டில் அது திக்கித் திக்கித் திரும்பியது. பின்பக்கத்துக் கோடெல்லாம் முன்னால் பல்லைக் காட்டியது. அப்புறம் அழுது வடிகிற மாதிரி ஒரு சின்னக் கார்டைப் போட்டார். மாடல் வழுக்கிக்கொண்டு திரும்பியது. எனக்கு அப்படியே கை தட்டலாம் போல இருந்தது.

"கார்டு மட்டும் போதாது. கார்டையும் சாஃப்ட்வேரையும் பேச வைக்கிறது இந்த ட்ரைவர். உங்க சாஃப்ட்வேர்காரனே இந்தக் கார்டோட சோதிச்சுப் பார்த்து, சரின்னு சொன்னது இதுதான். இதுக்கு மேல எத்தனை புதுசு வந்தாலும் கையை வைக்காதீங்க" என்று அந்த ட்ரைவர் சிடியையும் கொடுத்தார். தேவ்ஷிபாய் பாதி கேட்டார். மீதி நேரம் டிராகனைப் பார்த்தார்.

தீபாவளி வந்தது. முடிந்து லாப பஞ்சமி. எங்கள் பக்கம் அன்றைக்குத்தான் தொழிலைப் புதுசாகத் தொடங்குவது. லேத்திலிருந்து ட்ரில் வரைக்கும் குங்குமத்தில் ஸ்வஸ்திகம், எல்லார் கையிலும் பேடா. என் அருமை முதலாளிக்கு அது போதவில்லை. எங்கேயோ புத்தம் புது ட்ரைவர் சிடி ஒன்று வாங்கி, நல்ல நேரம் பார்த்து, தன் கையாலேயே என் கம்ப்யூட்டரில் ஏற்றி, பொட்டும் வைத்துவிட்டார். புது வருஷத்தில் பழசு எதற்கு என்ற நல்லெண்ணம்தான், வேறென்ன!

நான் பேடா தின்றுவிட்டு வந்து மாடலைத் திறந்தேன். மாசக்கணக்கில் நான் போட்ட பம்ப் கூட்டில் சுவர்களைக் காணோம். திருப்பினால் இன்னொரு சுவரும் போகிறது. அன்றைக்கு நாலு மணிக்கு ஜாம்நகர் பார்ட்டி வந்து, திரையில் பார்த்துச் சரி சொன்னால்தான் இரும்பையே வெட்டுவார்கள்.

தேவ்ஷிபாய் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? இதை வெட்டினா பம்பா வரும்? சல்லடைதான் வரும். பார்ட்டி வரும்போதும் இப்படியே இருந்தா, நாளையிலேர்ந்து பழைய போர்டுதான். நீங்களும் வரவேண்டாம்."

சொல்லிவிட்டு மனுஷர் வீட்டுக்குத் தூங்கப் போய்விட்டார்! வேலை போனால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் என்று என் வீட்டில் ஏற்கெனவே நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹர்சுக்பாய் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி ரசீலாபென் எடுத்தார். "தூங்குறார்மா. நாலு மணிக்குப் போடு." எனக்கு அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. அப்புறம் ஹர்சுக்பாயின் தூக்கக் குரல்.

"காலையில என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. பூஜைதான். முதலாளி கம்ப்யூட்டருக்குப் புது ட்ரைவர் போட்டு, பொட்டு வெச்சு..."

"அட ராமா!"

கொளுத்துகிற வெயிலில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தலை கலைந்து, சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார். கட்ச் பூகம்பத்தில் அடிபட்டுத் தப்பியிருந்த வாட்ச்மேன் மிரண்டுபோய், "என்ன சேட், மறுபடி பூகம்பமா?" என்றான்.

உட்கார்ந்ததும் முதலில் சாஃப்ட்வேருக்குள் போய், கார்டின் உதவியே வேண்டாம் என்று அணைத்தார். படம் நத்தையாக நகர்ந்தது. ஆனால் காணாமல் போன சுவரெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து நின்றது.

"பார்த்தியா? உன் வேலை முழுசா இருக்கு. கார்டுதான் காட்டத் தெரியாம முழிக்குது. கண்ணைத் துடை."

அதுவரைக்கும் என்னை நீங்க என்றவர், அன்றைக்குத்தான் நீ என்றார். புது ட்ரைவரைத் துப்புரவாக நீக்கிப் பழையதை ஏற்றினார். பார்ட்டியோடு தேவ்ஷிபாய் உள்ளே வரும்போது மாடல் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஜாம்நகர்காரர் சரி என்று தலையாட்டிவிட்டுப் பேடாவை எடுத்தார்.

தேவ்ஷிபாய் ஹர்சுக்பாயின் சட்டையையே பார்த்தார். "நீ எங்கப்பா, இந்த நேரத்துல?"

"பேடா குடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் பொட்டு மட்டும் வைங்க தேவ்ஷிபாய், சிடி வேண்டாம்."

எங்கள் ஊரில் காசு கொடுப்பார்கள், சாப்பாடு போடுவார்கள், மத்தியானத் தூக்கத்தை மட்டும் யாருக்கும் தரமாட்டார்கள். எனக்கு ஒருத்தர் தந்தார். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துபோகும்.

இப்போது எனக்குச் சொந்தமாக டிசைன் ஆபீஸ் இருக்கிறது. ஹர்சுக்பாய் கடையை மூடி வெகு காலமாயிற்று. இதயத்தில் ஆபரேஷனும் ஆயிற்று. போன மாசம் புது மெஷின்கள் வாங்க இரண்டு கார்டு பார்த்து வைத்தேன். எதை எடுப்பது? கார்டு விற்கிற அகமதாபாத்காரன் பதிலுக்குப் பறக்கிறான். அவசரத்தில் நேரம் பார்க்காமல் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். உச்சி வெயில்.

"எழுப்பட்டுமா? நீன்னா எழுந்துருவார்" என்றார் ரசீலாபென்.

"வேண்டாம் அண்ணி."

போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். கூடத்து ஊஞ்சல் கிறீச்சிடும் என்பதால் ஆட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"அட, எப்ப வந்தே?"

"இப்பத்தான்."

ரசீலாபென் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு டீ போடப் போனார். ஹர்சுக்பாய் என் பக்கத்தில் உட்கார்ந்து ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளினார்.

"சரி, சொல்லு. என்ன சாஃப்ட்வேர்? எந்த வெர்ஷன்?"